புது பிரவுசர் வசதி: இல்லாதவரிடம் என்ன ஆகும்?

பிரவுசர்களில் மாதாமாதம் ஏதாவது புதுசு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்று வரும்போதும் வெப் டெவலப்பர்களிடையே அதே பட்டிமன்றம்தான். "எல்லா பிரவுசரிலும் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு கட்சி. "பழைய போன் வெச்சிருக்கிறவங்களுக்காக எத்தனை வருஷம் காத்திருக்கிறது?" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பார்ப்பது, எத்தனை சதவீதம் பேரிடம் அந்த வசதி இருக்கிறது என்பதை. நான் முதலில் பார்ப்பது வேறொன்று: அது இல்லாதவரிடம் என்ன ஆகும்?

இந்தக் கேள்வி பழையது. 2003-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த மாநாட்டில் ஸ்டீவ் சாம்பியனும் நிக் ஃபிங்க்கும் 'புரோகிரசிவ் என்ஹான்ஸ்மென்ட்' என்ற யோசனையை முன்வைத்தார்கள். அதுவரை புது பிரவுசருக்காகக் கட்டிவிட்டு, பழையதற்கு ஒட்டுப் போடுவதுதான் வழக்கம். அவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் வெறும் எச்டிஎம்எல்லில் விஷயம் முழுசாக இருக்கட்டும். அதன்மேல் சிஎஸ்எஸ் அழகு. அதற்கும் மேல் ஜாவாஸ்கிரிப்ட். மேல் மாடி இல்லாவிட்டாலும் கீழ் வீட்டில் குடியிருக்கலாம்.

இது நடைமுறையில் எடுபடுவதற்குக் காரணம், தெரியாத ஒன்றைப் பார்த்தால் இந்த மூன்று மொழிகளும் மூன்று விதமாக நடந்துகொள்வதுதான்.

முதலாவது சிஎஸ்எஸ். தெரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 மூன்றிலும் 'கிரிட்' வந்தது. அது தெரியாத பிரவுசரில் கட்டங்கள் பக்கம் பக்கமாக நிற்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். படிக்கத் தடை எதுவும் இல்லை. ஆனால் ஒரு பொறி உண்டு. பல செலக்டர்களைக் காற்புள்ளி போட்டுச் சேர்த்து எழுதி, அதில் ஒன்று பிரவுசருக்குத் தெரியாவிட்டால், அந்த விதி முழுவதுமே போய்விடும். 'ஹேஸ்' செலக்டர் சஃபாரியில் 2022 மார்ச்சிலும் ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பரிலும் வந்தது. இடைப்பட்ட 21 மாதங்களில் அதை மற்ற செலக்டர்களோடு சேர்த்து எழுதியிருந்தால், ஃபயர்ஃபாக்ஸில் மற்றவையும் வேலை செய்திருக்காது. தனி விதியாக எழுதினால் தீர்ந்தது.

இரண்டாவது எச்டிஎம்எல். தெரியாததைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளும். 'டேட்' வகை இன்புட் தெரியாத பிரவுசர், அதைச் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்டும். காலண்டர் வராது, அவ்வளவுதான். தேதியைத் தட்டி அனுப்பலாம். எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்று பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, சர்வரில் சரிபார்த்தால் போதும். சர்வரில் சரிபார்ப்பது எப்படியும் செய்ய வேண்டியதுதானே?

மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். இது மன்னிக்காது. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த 'ஆப்ஷனல் செயினிங்' என்ற எழுத்துமுறை 2020-இல் குரோம் 80-இல் வந்தது. அதற்கு முந்தைய குரோமில், 3,000 வரி ஃபைலில் ஒரே ஒரு இடத்தில் அது இருந்தாலும், அந்த ஃபைலின் முதல் வரிகூட ஓடாது. 'அனுப்பு' பட்டன் அந்த ஃபைலை நம்பியிருந்தால்? அழுத்துவார், எதுவும் நடக்காது. ஒரு எச்சரிக்கைகூட வராது.

இது பழைய பிரவுசர்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 2013-இல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு தங்கள் முகப்புப் பக்கத்தில் ஒரு எளிய சோதனை வைத்தது. எல்லா பிரவுசரும் கேட்கும் படம் ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் மட்டும் கேட்கப்படும் படம் ஒன்று, அது அணைக்கப்பட்டிருந்தால் கேட்கப்படும் படம் ஒன்று. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளில், 1.1 சதவீதத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடவில்லை. அதில் அணைத்து வைத்திருந்தது அல்லது வசதியே இல்லாதது 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதத்தில் ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. நெட்வொர்க் நடுவில் அறுந்திருக்கலாம், அலுவலக ஃபயர்வால் தடுத்திருக்கலாம். எண்ணிக்கை தளத்துக்குத் தளம், காலத்துக்குக் காலம் மாறும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த விகிதம். தானே அணைத்து வைத்தவரைவிட, தனக்கே தெரியாமல் மாட்டிக்கொண்டவர் நாலு மடங்குக்கும் மேல்.

அப்படி மாட்டுகிறவர் உதவித்தொகைக்கோ பென்ஷனுக்கோ விண்ணப்பம் போட வந்தவராக இருக்கலாம். தளத்தில் கோளாறு என்று அவருக்குத் தோன்றாது. "எனக்குத்தான் இந்த கம்ப்யூட்டரெல்லாம் வராது" என்று எழுந்து போய்விடுவார்.

சரி, இப்போ சமநிலைக்கு வருவோம். என் கணக்கு இது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலையாய வேலை இருக்கும். மருத்துவமனை முன்பதிவு என்றால் பெயரும் தேதியும் சர்வருக்குப் போய்ச் சேருவது. அந்த ஒன்று மட்டும் சாதாரண எச்டிஎம்எல் ஃபார்மாலேயே நடக்க வேண்டும். அதற்குமேல் என்ன வேண்டுமானாலும் போடுங்கள். புது சிஎஸ்எஸ்ஸை வந்த அன்றைக்கே பயன்படுத்தலாம். 'வியூ டிரான்சிஷன்' மாதிரியான ஜாவாஸ்கிரிப்ட் வசதி என்றால், அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் அசைவு இல்லாமல் பக்கம் மாறும். புது எழுத்துமுறையை மட்டும் அப்படிக் கேட்டுப் பார்க்க முடியாது. அதை பேபெல் போன்ற கருவியால் பழைய வடிவுக்கு மாற்றி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். காத்திருக்க 'பேஸ்லைன்' அட்டவணை உதவும். முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் ஆன வசதியைப் 'பரவலாகக் கிடைப்பது' என்று அது குறிக்கிறது.

இதற்குச் செலவு உண்டு, இல்லாமல் இல்லை. இரண்டு பாதை என்றால் இரண்டையும் சோதிக்க வேண்டும். அதனால்தான் தலையாய வேலையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். பழைய பிரவுசரில் பெட்டியின் முனை வளைவாக இல்லையே என்று யாரும் வருத்தப்படப் போவதில்லை. படம் வரையும் கருவி, வீடியோ கால் போன்றவற்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத அடித்தளமே கிடையாது. அங்கே "இது இயங்க ஜாவாஸ்கிரிப்ட் தேவை" என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவதுதான் நேர்மை.

உங்கள் தளத்தின் நிலைமை தெரிய ஐந்து நிமிடம் போதும். பிரவுசர் செட்டிங்ஸில் ஜாவாஸ்கிரிப்டை அணையுங்கள். இருப்பதிலேயே முக்கியமான ஃபார்மைத் திறந்து, நிரப்பி, 'அனுப்பு' பட்டனை அழுத்துங்கள். சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.