2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரும் பிரேக் ஆயிலும்

ஓடோமீட்டர் 2 லட்சத்தைத் தாண்டினால் எஸ்டிமேட் நீளமாகத்தான் வரும். கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், ஏசி கம்ப்ரெஸர்... "வண்டி விலையே அவ்வளவு இருக்காதே" என்பார்கள் வீட்டில். செலவை விற்கிற விலையோடு இல்லை, புதுக் காரின் மாதத் தவணையோடு ஒப்பிடணும் என்பது என் கட்சி. கிளட்ச் செலவு மூணு தவணைக்குள் அடங்கி, பாடியில் துருவும் இல்லையென்றால் தாராளமாகச் செய்யலாம். ஆர்.சி. 15 வருஷத்தை நெருங்கினால் மட்டும் புதுப்பிக்கும் செலவையும் கூட்டிக்கோங்க.

எஸ்டிமேட்டில் பெரும்பாலும் வராதது பிரேக் ஆயில். (பேருதான் ஆயில், உண்மையில் கிளைகால் ஈதர் வகை.) காற்றிலுள்ள ஈரத்தை இது மெல்ல உறிஞ்சும். புது டாட் 3 திரவம் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அது 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155.

14 கி.மீ. கிரிவலப் பாதையில் வித்தியாசமே தெரியாது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், காலிப்பர் சூட்டில் பழைய திரவம் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, கிளட்ச் செலவில் சின்னப் பங்குதான். எஸ்டிமேட் கைக்கு வந்ததும் நான் முதல் வரியாக எழுதிச் சேர்ப்பது இதைத்தான்.