எரிமலை அடிவாரத்தில் ஓர் ஏரிக்கரைப் பட்டணம்

விடுமுறை என்றதும் நம்மவர்க்கு ஊருக்குப் போகும் ரயில்தான் முதலில் நினைவுக்கு வரும். குலதெய்வத்துக்குப் பொங்கல், உறவினர் வீட்டுக் கல்யாணம், பாட்டி வீட்டில் நாலு நாள். அத்துடன் விடுப்புத் தீர்ந்துவிடும். ஆனால், சம்பாதிக்கத் தொடங்கிய நம் பிள்ளைகளில் சிலர், "யாரும் போகாத இடத்துக்குப் போகவேண்டும்" என்று தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அவர்களுடைய விரல் போய் நிற்கும் இடங்களுள் ஒன்று ஆப்பிரிக்காவின் நடுவே உள்ள கோமா. வெறுமனே "வேண்டாம்" என்று தடுப்பதைவிட, அந்த ஊரின் இயல்பை அறிந்து பதில் சொல்வது பெரியவர்களுக்கு அழகு.

கோமா, காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு எல்லையில், கிவு ஏரியின் வடகரையில் அமைந்த பட்டணம். வட கிவு மாகாணத்தின் தலைநகர். ஊரை ஒட்டியே எல்லைக்கோடு ஓடுகிறது. அதைத் தாண்டினால் ருவாண்டா நாட்டின் கிசெனி. பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் அங்கே வெயில் கொளுத்துவதில்லை. ஏரியின் நீர்மட்டமே கடல் மட்டத்துக்கு மேல் 1,460 மீட்டர். ஏறக்குறைய நமது ஏற்காட்டின் உயரம்.

நெருப்பு மலை

ஊருக்கு வடக்கே 20 கிலோமீட்டருக்குள் நியிராகோங்கோ மலை நிற்கிறது. 3,470 மீட்டர் உயரம். நீலகிரியின் தொட்டபெட்டாவையும்விட 800 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதன் உச்சிக் குழியில் பல்லாண்டுக் காலம் எரிகுழம்பு ஏரிபோலத் தேங்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. கிபாட்டி என்ற காவல் நிலையத்திலிருந்து ஆயுதம் தாங்கிய வனக்காவலருடன் சுமார் ஐந்து மணி நேரம் ஏறி, விளிம்பிலுள்ள குடிசையில் இராத் தங்கி, அந்தச் செந்தழலைக் கண்டு திரும்புவதே பயணிகளின் பெருவிருப்பமாக இருந்தது.

கண்ணுக்கு விருந்தான அந்தக் குழம்பே ஊருக்கு எமன். மணற்சத்து மிகக் குறைந்ததாகையால் அது பாகுபோல் கெட்டிப்படாமல் நீர்போல் ஓடும். 1977 ஜனவரி 10ஆம் நாள் மலைச் சரிவு பிளந்து, உச்சி ஏரி ஒரு மணி நேரத்துக்குள் வடிந்தது. 2002 ஜனவரி 17ஆம் நாள் குழம்பு பட்டணத்தின் நடுவே புகுந்து, விமான ஓடுபாதையின் ஒரு பகுதியை மூடி, ஏரியில் போய் விழுந்தது. சுமார் நான்கு லட்சம் பேர் வீடு துறந்து ஓடினர். 2021 மே 22ஆம் நாள் மலை மறுபடியும் சீறியது. முப்பது பேர் வரை மாண்டனர். குழம்பு ஊரின் விளிம்பில் நின்றது.

ஒவ்வொரு முறையும் ஜனங்கள் திரும்பி வந்தார்கள். இறுகிய குழம்பையே கருங்கல்லாக உடைத்துச் சுவர் எழுப்பினார்கள். 'சுகுடு' என்னும் இரு சக்கர மரவண்டியில் கரியும் உருளைக்கிழங்கும் ஏற்றித் தள்ளிச் சென்று பிழைப்பு நடத்துகிறார்கள்.

மூடி போட்ட ஏரி

ஏரியின் அமைதியும் வெளித்தோற்றமே. அதன் ஆழம் சுமார் 480 மீட்டர். அடிநீரில் கரியமில வாயு ஏறத்தாழ 300 கன கிலோமீட்டரும், மீதேன் 60 கன கிலோமீட்டரும் கரைந்து கிடக்கின்றன. மேலே உள்ள நீரின் பாரம்தான் கோலி சோடாவின் கோலிபோல அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. காமரூன் நாட்டின் நியோஸ் ஏரி 1986இல் இப்படி அடங்கியிருந்த வாயுவைக் கக்கியபோது, சுமார் 1,700 பேர் உறக்கத்திலும் நடையிலும் மடிந்தனர். கிவு ஏரி அதைவிடப் பன்மடங்கு பெரியது. ருவாண்டாவில் இந்த மீதேனை எடுத்து மின்சாரம் ஆக்குகிறார்கள் என்பது ஒரு நல்ல செய்தி.

கோமாவைச் சுற்றியுள்ள பள்ளங்களில் நிலத்திலிருந்து கசியும் கரியமில வாயு தேங்கும். காற்றைவிடக் கனமான அது தரையோடு படுத்திருக்கும். சுவாஹிலி மொழியில் இதை 'மசூக்கு' என்பர். குழிவான இடத்தில் உட்காருவதும் படுப்பதும் ஆபத்து என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும், பயணிக்குத் தெரியாது.

மனிதர் மூட்டிய தீ

மலையையும் ஏரியையும்விடக் கொடியது யுத்தம். 1994இல் ருவாண்டா படுகொலைக்குப் பின் லட்சக்கணக்கான அகதிகள் சில நாட்களில் கோமாவுக்குள் வந்து குவிந்தனர். காலரா அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. அன்று முதல் அந்தப் பிரதேசத்தில் ஆயுதக் குழுக்கள் ஓயவில்லை. 1925இல் தோன்றிய விருங்கா தேசியப் பூங்காவையும் அதன் மலைக் கொரில்லாக்களையும் காக்க, இருநூறுக்கு மேற்பட்ட வனக்காவலர்கள் உயிர் ஈந்திருக்கின்றனர். 2018 மே மாதம் பயணிகள் கடத்தப்பட்டதால் பூங்கா மூடப்பட்டு, 2019இல் திறந்து, 2020இல் தொற்றுநோயால் மீண்டும் மூடப்பட்டது. 2025 ஜனவரி இறுதியில் எம்-23 என்ற கிளர்ச்சிப் படை கோமாவைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஜூனில் வாஷிங்டனில் காங்கோவும் ருவாண்டாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஆனால் கையொப்பம் இட்ட மாத்திரத்தில் சாலை பத்திரமாகிவிடாது. ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ் நம் நாட்டுச் சிப்பாய்கள் வட கிவுவில் பல ஆண்டுகள் காவல் புரிந்து, கோமாவில் மருத்துவமனையும் நடத்தியவர்கள். அந்த மண்ணின் நிலை அவர்கள் நன்கறிந்தது.

திட்டம் எப்படி?

துணிகரப் பிரயாணத்துக்குத் திட்டம் என்பது போகும் வழியை எழுதுவதோடு முடிவதில்லை; எந்த இடத்தில் திரும்புவது என்பதையும் முன்கூட்டியே எழுதவேண்டும்.

ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்கு அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக விமானத்தில் போகலாம். அங்கே இந்தியத் தூதரகம் உண்டு. முதலில் அங்கு விசாரிக்க வேண்டும். அடுத்து, மலைச்சாலை வழியே முசான்சே. அங்கிருந்து 3,711 மீட்டர் உயரமுள்ள பிசோக்கே மலையில் ஒரே நாளில் ஏறி இறங்கலாம். உச்சியில் எரிமலைக் குழியில் ஒரு சிறு ஏரி உள்ளது. துணிச்சலுக்கு இதுவே போதிய வேலை தரும். நிலைமை அனுமதித்தால் மட்டும் கிசெனி வரை போய்க் கரையில் நின்று நியிராகோங்கோவைப் பார்க்கலாம். 2025 ஜனவரிச் சண்டையில் குண்டுகள் கிசெனியிலும் விழுந்தன என்பதை மறக்கலாகாது. கலவரச் செய்தி கேட்டால் முசான்சேயிலேயே திரும்பிவிட வேண்டும். எல்லையைத் தாண்டுவது, நமது அரசு தடையின்றி அனுமதிக்கும் காலத்துக்கு உரியது. அரசு எச்சரித்த இடத்துக்குப் பெரும்பாலான இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பணம் தரமாட்டா.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி, புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை பெற்ற சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். அது இல்லாமல் காங்கோவிலிருந்து திரும்புவோரை நம் நாட்டு விமான நிலையத்திலேயே தனிமையில் வைத்துவிடுவர்.

தங்குமிடம், தூதரகத் தொலைபேசி எண், ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பவேண்டிய காரணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்வது நலம். அந்த நேரம் நமக்கு மூன்றரை மணி பிந்தியது. அங்கே மாலை ஆறு மணிக்கு வரும் தொலைபேசிக்காக, இங்கே இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு தாய் விழித்திருப்பாள்.