சஃபாரி பார்க் பிளான் பண்ணுறீங்களா? முதல்ல மரத்தை எண்ணுங்க!

சஃபாரின்னு சொன்னதும் ஜீப், கேமரா, எதிரே ஒரு புலி, இதுதானே உங்க மனசுல வருது? ஆனா சஃபாரி பார்க்கும் காடும் ஒண்ணு கிடையாது. சஃபாரியில் விலங்குகள் வேலி போட்ட பெரிய அடைப்புக்குள் இருக்கும். நாம வண்டியில் போய்ப் பார்ப்போம். வண்டலூரில் பஸ்ஸில் ஏறிச் சிங்கம் பார்த்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். அதாவது, இது ஒரு வகை உயிரியல் பூங்கா. அதனால்தான் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி தேவைப்படுது.

அப்போ இதை எங்கே அமைக்கணும்? பிளானிங்கில் முக்கியமான கேள்வியே இதுதான். இதில் தப்பு நடந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க, உத்தரகாண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைப் பாருங்க. அங்கே பாக்ரோ என்ற இடத்தில் சுமார் 106 ஹெக்டேரில் புலி சஃபாரி திட்டமிட்டாங்க. அதற்கு 163 மரங்களை வெட்டினால் போதும்னு கணக்கு காட்டப்பட்டது. பிறகு இந்திய வன அளவை நிறுவனம் ஆய்வு செய்து, வெட்டப்பட்டவை 6,093 மரங்கள் இருக்கும்னு மதிப்பிட்டது. கிட்டத்தட்ட 37 மடங்கு!

காப்பகத்தில் ஏற்கெனவே காட்டுப் புலிகள் வாழுது. அடைப்புக்குள் இருக்கும் புலியைக் காட்டுறதுக்காக அதுங்களோட காட்டையே அழிச்சா, அதைப் பாதுகாப்புன்னு எப்படிச் சொல்றது?

இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சிலும் 2025 நவம்பரிலும் தீர்ப்பு சொன்னது. அதிலிருந்து பிளான் பண்றவங்க கவனிக்க வேண்டியவை:

1. இடம்: காப்பகத்தின் மையப் பகுதியில் சஃபாரி கூடவே கூடாது. வெளிவட்டமான பஃபர் பகுதியிலும், காடு அல்லாத நிலத்திலோ, சீரழிந்த காட்டு நிலத்திலோதான் அமைக்கலாம். அந்த இடம் புலிகளின் வழித்தடமாகவும் இருக்கக் கூடாது.

2. விலங்குகள்: காட்சிக்காக வேறு பூங்காவிலிருந்து புலியைக் கொண்டுவர முடியாது. காயம்பட்டது, தாயை இழந்தது, ஊருக்குள் வந்து பிடிபட்டது போன்ற அதே பகுதிப் புலிகளைத்தான் வைக்கணும். கூடவே மீட்பு மற்றும் மறுவாழ்வு மையமும் இருக்கணும்.

3. வண்டிகள்: எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வேணும்.

சுற்றுலா வருமானம் தேவைதான், யாரும் மறுக்கல. உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கும். காட்டுக்குள் நேரடியாகப் போகும் கூட்டமும் குறையலாம். ஆனா அந்த லாபக் கணக்கோடு மரக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கணும். நாளைக்கு உங்க மாவட்டத்தில் "ஈகோ டூரிசம்"னு ஒரு திட்டம் அறிவிச்சாங்கன்னா, டிக்கெட் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: அந்த நிலத்தில் இப்போ என்ன இருக்கு? விலங்குகள் எங்கிருந்து வரப்போகுது?