ஐந்து குரூப்பில் வந்தால் ஐந்து சாட்சியா?

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். இப்படிப் பல உயிர்கள் போன பிறகு அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்படுத்தியது. அன்று ஒரு குரூப்பில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குரூப் என்றாலே 1,280 பேர்!

வதந்தி பரவும் விதத்தை டேலி, கெண்டால் என்ற இரு கணித அறிஞர்கள் 1964லேயே கணக்காக்கினார்கள். ஊரில் மூன்று வகையினர்: கேள்விப்படாதவர், பரப்புபவர், பரப்புவதை நிறுத்திக்கொண்டவர். பரப்புபவர் "இது எனக்குத் தெரியுமே" என்று சொல்லும் ஒருவரைச் சந்தித்தால் சுவாரஸ்யம் போய் நிறுத்திவிடுவார். அதனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வதந்தி எட்டாமலேயே அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

நம் கைபேசியில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஜமாஅத் குரூப், தெரு குரூப், பள்ளிப் பெற்றோர் குரூப், வளைகுடாவில் இருக்கும் மச்சான்மார் குரூப் எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் அதே ஆட்கள். ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வரும்போது நமக்குச் சலிப்பதில்லை. "எல்லாரும் சொல்றாங்களே" என்று உறுதிப்படுகிறது.

ஹதீஸ் கலை படித்தவர்கள் இந்த இடத்தில் ஏமாற மாட்டார்கள். "செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை" என்ற கருத்துடைய ஹதீஸ், ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ். யஹ்யா பின் சயீத் அல்அன்சாரியிடமிருந்து அதை ஏராளமானோர் அறிவித்துள்ளனர். ஆனால் அவருக்கு மேலே முஹம்மத் பின் இப்ராஹீம், அல்கமா, உமர் (ரலி) என ஒவ்வொரு படியிலும் ஒருவரே. ஆகவே அதை முதவாதிர் என்று சொல்லாமல் கரீப் வகையில் வைத்தார்கள். கீழே எத்தனை பேர் என்பதல்ல, எந்தப் படியில் ஆள் குறைகிறது என்பதே கணக்கு. அந்த ஒற்றை ஆட்கள் ஒவ்வொருவரும் நம்பகமானவர் என்று ஆராய்ந்த பிறகே ஸஹீஹ் என்றார்கள்.

மல்லாங்கிணறு பக்கம் எங்காவது பட்டாசு ஆலையில் விபத்து என்றால், ஆம்புலன்ஸ் போவதற்குள் இறந்தவர் எண்ணிக்கையோடு வாய்ஸ் மெசேஜ் வந்துவிடுகிறது. வேலைக்குப் போனவரின் மனைவியும் அதைக் கேட்கிறார். பேசியவர் யார், ஆலைக்குள் இருந்தவரா, வாசலில் நின்றவரா, யாரோ சொல்லக் கேட்டவரா? தீயவர் ஒரு செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரிக்கச் சொல்கிறது ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம். ஃபார்வர்ட் செய்யும்போது முதலில் அழிவதும் அந்தப் பெயர்தான்.