மலைக்கு முறைக்காவல்

தினைப்புனக் காவலைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் பரண்மீதிருந்து தலைவியும் தோழியும் கிளி ஓட்டினர். இரவில் யானையும் பன்றியும் இறங்காவண்ணம் கானவர் காத்தனர். ஒருவரே இரவும் பகலும் விழித்திருந்தால் மூன்றாம் நாள் தம்மை அறியாமல் உறங்கிவிடுவார். யானை வருவதும் அன்றைக்காகவே இருக்கும். ஆகவே காவலுக்கு முறை வேண்டும். இந்தப் பழைய உண்மையே இன்று மலைச்சரிவைக் கண்காணிக்கும் விஞ்ஞான முறைக்கும் அடிப்படையாக இருக்கிறது. அன்று காத்தது மலையில் விளைந்த தினையை. இன்று காக்க வேண்டியது மலையடியில் வாழும் மனிதரை.

பினாங்கில் வாழும் நமக்கு இஃது ஏட்டளவான செய்தியன்று. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் கட்டட வேலை நடந்த இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர் மாண்டனர். நவம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் கொடிமலைப் பாதையிலும் பல இடங்களில் மண் சரிந்தது.

சரிவு எவ்வாறு நேர்கிறது? மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால்தான் சாய்வான நிலம் நிற்கிறது. பெருமழையின்போது நீர் உள்ளே இறங்கித் துகள்களுக்கிடையேயுள்ள இடைவெளிகளை நிரப்பி, அவற்றை விலக்கி அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏறப் பிடிப்புக் குறைகிறது; ஓர் அளவைத் தாண்டியதும் நிலம் பெயர்ந்து விழுகிறது. மேலே நிற்பவர் கண்ணுக்கு இது தெரிவதில்லை. மண்ணுக்குள் இறக்கிய கருவிக்குத் தெரியும்.

அத்தகைய கருவியை உணர்வி என்கிறோம். உணர்வி, சிறு கணிப்பொறி, கம்பியில்லாச் செய்திக்கருவி, மின்கலம் ஆகியவற்றை ஒன்றாக இணைத்தால் அது ஒரு கணு. மலை முழுதும் பல கணுக்களை நிறுவினால், ஒன்று கண்டதை அடுத்ததற்குச் சொல்லி, அது தனக்கடுத்ததற்குச் சொல்லி, இறுதியில் செய்தி நிலையத்தை அடைகிறது. இதுவே கம்பியில்லா உணர்வி வலை.

வலையின் உயிர் மின்கலத்தில் இருக்கிறது. மின்சாரத்தை மிகுதியாக உண்பது பெரும்பாலும் செய்திக்கருவியே. அதிலும் ஒரு வியப்பு உண்டு. இவ்வலைகளில் பெரிதும் பயன்பட்ட சி.சி. 2420 என்னும் செய்திச்சில்லு, செய்தி அனுப்பும்போது 17.4 மில்லி ஆம்பியரும், காதைத் திறந்து வைத்துக் கேட்கும்போது 18.8 மில்லி ஆம்பியரும் கொள்ளும். பேசுவதைவிடக் கேட்பதற்கே செலவு அதிகம்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விழித்திருக்கும் கணுவுக்கு 20 மில்லி ஆம்பியர் வேண்டும் என்றும், மின்கலம் 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் என்றும் வைத்துக்கொள்வோம். ஓயாமல் விழித்திருந்தால் 100 மணி நேரம், அதாவது நான்கு நாளில் கலம் தீரும். நூறு நிமிடத்தில் ஒரு நிமிடம் மட்டும் விழித்து, ஏனைய நேரம் 0.01 மில்லி ஆம்பியரில் உறங்கினால், அதே கலம் ஏறத்தாழப் பதின்மூன்று மாதம் வரும். நான்கு நாள் எங்கே, பதின்மூன்று மாதம் எங்கே!

ஆயின், எல்லாக் கணுக்களும் உறங்கும் வேளையில் மலை அசைந்தால் என் செய்வது? இங்கேதான் முறைக்காவல் வருகிறது. ஒவ்வொரு கணுவும் தன்னைச் சுற்றி ஒரு வட்டத்தைக் காப்பதாகக் கொள்வோம். கணுக்கள் நெருக்கமாக இருந்தால் ஒரே இடத்தை இரண்டு மூன்று கணுக்கள் காக்கும். அவற்றை மூன்று அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியும் தனித்தே முழு நிலத்தையும் காக்குமாறு செய்ய முடிந்தால், ஓர் அணி விழித்திருக்க மற்ற இரண்டும் உறங்கலாம். வலையின் ஆயுள் ஏறக்குறைய மும்மடங்காகும்; காவலில் ஓட்டையும் விழாது.

தலைவன் இல்லாமலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு கணுவும் தன் வட்டம் முழுவதையும் அண்டையிலுள்ளவை காக்கின்றனவா என்று பார்த்து, ஆமெனில் உறங்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. ‘நீ இருக்கிறாய்’ என்று நானும், ‘நான் இருக்கிறேன்’ என்று நீயும் நம்பி ஒரே நேரத்தில் உறங்கினால், இருவரும் காத்த இடம் காவலற்றுப் போகும். ஆகவே ஒவ்வொரு கணுவும் வெவ்வேறு அளவு நேரம் காத்திருந்து, ‘நான் உறங்கப் போகிறேன்’ என்று அறிவித்த பின்னரே உறங்க வேண்டும் என விதி வகுத்தனர்.

இன்னொன்றும் வேண்டும். கண்டதைச் சொல்ல வழியில்லாத காவலனால் பயனில்லை. செய்தி எட்டும் தூரம், உணரும் தூரத்தைப்போல் இரு மடங்கேனும் இருந்தால், இடைவெளியின்றிக் காக்கும் கணுக்கள் தம்முள் தொடர்பும் அறுபடாமல் இருக்கும் என்று கணித வழியில் நிறுவியுள்ளனர். காரணம் எளிது: 10 மீட்டர் ஆரமுள்ள இரு வட்டங்கள் ஒன்றையொன்று தொட வேண்டுமானால், அவற்றின் நடுப்புள்ளிகள் 20 மீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது. உண்மையான மலை தாளில் வரைந்த வட்டமன்று. எங்கே துளையிடுவது என்பதை நிலவியலார் மண்ணைப் பார்த்தே முடிவு செய்வர்.

தமிழர் நிறைந்து வாழும் மூணாற்றில் இவ்வகை வலை ஒன்று செயற்பட்டது. அங்குள்ள அந்தோணியார் காலனியில் 2005இல் மண் சரிந்தது. பின்னர் அமிர்தா பல்கலைக்கழகத்தார், மனீஷா வினோதினி ரமேஷ் தலைமையில், அச்சரிவில் 50 நிலவியல் உணர்விகளையும் 20 கம்பியில்லாக் கணுக்களையும் கொண்ட வலையை அமைத்தனர். மண்ணிடை நீரழுத்தம், ஈரம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அவை அளந்தன. செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்திலுள்ள நிலையத்துக்குச் சென்றது. 2009 ஜூலை மழையின்போது அவ்வலையின் அளவுகளைக் கொண்டு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது.

அக்கணுக்களின் மின்கலங்களுக்குக் கதிரவன் ஒளியே உணவு. இங்கே இயற்கையின் முரண் ஒன்றைக் காண்கிறோம். காவல் மிகுதியாகத் தேவைப்படுவது மழைக்காலத்தில். கதிரவன் மறைந்திருப்பதும் அதே காலத்தில்! ஆகவே வறண்ட நாளில் அரிதாக அளப்பதும், மழையும் நீரழுத்தமும் குறித்த வரம்பைத் தாண்டத் தாண்ட அடிக்கடி அளப்பதுமாக அமைத்தனர். இல்லத்தரசி சேர்க்கும் சிறுவாடு நல்ல நாளில் செலவழிப்பதற்கன்று. ஆபத்து நாளில் எடுத்துக் கொடுப்பதற்கே. மின்சாரச் சிக்கனமும் அத்தகையது. புயலிரவிலும் உறங்கிச் சேமிக்கும் சேமிப்பு, சேமிப்பே ஆகாது.

மூணாற்றைச் சொல்லும்போது பெட்டிமுடியைச் சொல்லாமல் இருக்க இயலாது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்மீது மலை சரிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் மண்ணுள் புதைந்தன. 66 உடல்கள் கிடைத்தன, நால்வர் கிடைக்கவேயில்லை. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டுவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. அதே மூணாற்று மலைத்தொடரில் ஒரு சரிவுக்குக் காவல் இருந்தது. இந்தச் சரிவுக்கு இல்லை.

ஒரு வலைக்குள் விழும் ஓட்டையை அடைக்கும் வழியை மேலே கண்டோம். ஆனால் காவலே வைக்கப்படாத மலைதான் எல்லா ஓட்டையிலும் பெரிய ஓட்டை. சிக்கனத்தின் முழுப் பயனும் இங்கேதான் விளங்குகிறது. நான்கு நாளுக்கு ஒருமுறை மின்கலம் மாற்ற ஆள் ஏற வேண்டுமானால் ஒரு மலையைக் காப்பதே பெரும்பாடு. ஆண்டுக்கு ஒருமுறை ஏறினால் போதுமென்றால், அதே பொருளையும் உழைப்பையும் கொண்டு இன்னும் பல மலைகளுக்குக் காவல் வைக்கலாம். கணுவை உறங்க வைப்பது கணுவின் நலத்துக்காக அன்று; அடிவாரத்தில் உள்ளவர் அச்சமின்றி உறங்குவதற்காகவே.

குறிஞ்சித் திணையை நடத்தும் ஆசிரியர்கள் பரணைப் பற்றிச் சொல்லும்போது, மண்ணுக்குள் அமர்ந்திருக்கும் இப்புதிய கானவரைப் பற்றியும் மாணவர்க்கு இரண்டு சொல் சொல்லலாம். மலையடியில் வீடுள்ள பிள்ளைகள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள்.