கோப்பு மூடவில்லை, சந்தா மட்டும் ஏறுகிறது

லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது ஊழியரின் விரல் நசுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்தது. சில வாரங்களில் அவர் வேலைக்கும் திரும்பிவிட்டார். ஆனால், காப்புறுதியைப் புதுப்பிக்கப் போன முதலாளிக்கு அதிர்ச்சி. சந்தா எகிறியிருந்தது. "கொடுத்தது சில ஆயிரம் வெள்ளிதானே?" என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் கோப்பில், கொடுத்த தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு தொகையும் நிற்கிறது. அதுதான் ஒதுக்கீடு.

ஒரு கோரிக்கை பதிவானதும், அது முடியும்வரை இன்னும் எவ்வளவு செலவாகும் என்று காப்புறுதி நிறுவனம் கணித்துப் பணத்தை ஒதுக்கி வைக்கும். அது ஊழியருக்குத் தந்த வாக்குறுதி அன்று, மதிப்பீடுதான். ஆனால் சந்தாவைத் தீர்மானிக்கும்போது, கொடுத்ததையும் ஒதுக்கியதையும் சேர்த்தே பார்ப்பது வழக்கம்.

சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் மூன்று செலவுகளைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவ விடுப்புச் சம்பளம், மருத்துவச் செலவு ஆகிய இரண்டும் விபத்து நடந்து ஓராண்டுடன் நின்றுவிடும். அவற்றைக் கணிப்பது எளிது. சிக்கல் மூன்றாவதில், அதாவது நிரந்தர உடற்குறைக்கான மொத்தத் தொகையில்தான் இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளில், முழு உடற்குறைக்கு இது குறைந்தது 116,000 வெள்ளி, அதிகம் 346,000 வெள்ளி. குறை எத்தனை விழுக்காடோ, தொகையும் அத்தனை விழுக்காடு.

தொடக்கத்தில் பத்து விழுக்காடு இருக்கும் என்று நினைத்தால் ஒதுக்கீடு 11,600 வெள்ளிக்கும் 34,600 வெள்ளிக்கும் இடையில் அமையும். பின்னர் மருத்துவர் நான்கு விழுக்காடு என்று எழுதினால் அது 4,640 வெள்ளிக்கும் 13,840 வெள்ளிக்கும் இடையில் இறங்க வேண்டும். அறிக்கை வந்தும் பழைய எண்ணை யாரும் தொடவில்லையென்றால், தேவையில்லாத பாரத்தை முதலாளி சுமக்கிறார்.

எதிர்த்திசையிலும் நடக்கும். லேசான முதுகுவலி என்று குறைவாக ஒதுக்கியது அறுவை சிகிச்சை வரை போகலாம். ஊழியர் இந்தச் சட்டத்தை விட்டுவிட்டு நீதிமன்றம் போனாலோ உச்சவரம்பே கிடையாது. அப்போது ஒதுக்கீடு உயர்ந்தே ஆகவேண்டும்.

ஆகவே, புதுப்பிக்கும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முதலாளி மூடாத கோப்புகளின் பட்டியலைக் கேட்டு வாங்குவது நல்லது. "குறையுங்கள்" என்று கெஞ்சுவதில் பயனில்லை. "இந்தத் தொகை எந்த மருத்துவ அறிக்கையை வைத்துப் போடப்பட்டது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஊழியர் வேலைக்குத் திரும்பிய தேதி, கடைசி மருத்துவச் சான்று, கொடுத்த விடுப்புச் சம்பளத்தின் கணக்கு எல்லாம் அலுவலக மேசையிலேயே தூங்கிக்கொண்டிருந்தால் நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். ஆறாத கையோடு ஊழியரை வேலைக்கு அழைப்பதும், விபத்தை மறைப்பதும் அந்த ரகம். 2020 செப்டம்பர் 1 முதல், வேலையிட விபத்தால் ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ தரப்பட்டாலே மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் சந்தாவை விடப் பெரிய அபராதம் காத்திருக்கலாம்.