வேலியே பயிரை மேயும் நோய்

விசர்நாய் கடித்தோர் நாள்தோறும் வயிற்றில் ஊசி ஏற்றிக்கொண்ட காலத்தை மாம்புரி போன்ற கடலோரக் கிராமங்களின் முதியோர் மறந்திரார். 1911 ஆம் ஆண்டில் வட இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பார் வகுத்த முறைப்படி, செம்மறியாட்டின் மூளையிலிருந்து ஆக்கப்பட்டது அம்மருந்து. 1907 இல் நிறுவப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதனை நெடுங்காலம் செய்துவந்தது. இலங்கையிலும் அது வழங்கிற்று. அதனால் உயிர் பிழைத்தோர் மிகப் பலர். ஆயினும், ஊசி பெற்றோருட் சிலர்க்குக் கைகால் வழங்காது போயிற்று; சிலர் மாண்டும் போயினர்.

காரணம் யாது? நரம்பிழையைப் போர்த்திருக்கும் மயலின் என்னும் உறை ஆட்டுக்கும் மனிதனுக்கும் பெரிதும் ஒத்தது. ஊசிவழி வந்த ஆட்டு மூளையைப் பகையென்று கொண்ட உடற்காவல், பின்னர் அவ்வுருவையே தன் மூளையிலும் கண்டு தாக்கிற்று. 1933 இல் நியூயோர்க்கில் தோமஸ் றிவேர்ஸ் குழுவினர், முயல் மூளையைப் பன்முறை ஊசியேற்றிக் குரங்குகளில் இத்தகைய நோயை உண்டாக்கிக் காட்டினர். இன்றைய விசர்நாய்த் தடுப்பூசியில் மூளைப்பொருள் இல்லை. ஆதலின் பழைய அச்சத்தால் அதனைத் தவிர்த்தல் தகாது.

ஊசி யாதுமின்றியே மயலின் உறை தாக்கப்படும் நோயும் உண்டு. அதுவே மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். அதில் தாக்குதலுக்கு முன்னிற்பன ரீ-கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்கள். அவற்றை அடக்க மருந்து தேடியோர் எதிர்பாராத ஒரு துணையைக் கண்டனர்.

அத்துணை இயற்கைக் கொல்கலம். 1975 ஆம் ஆண்டளவில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் அறியப்பட்ட இக்கலம், முன்பயிற்சியின்றியே புற்றுக்கலங்களையும் வைரசு புகுந்த கலங்களையும் அழிக்கும். வரம்பு மீறிக் கிளர்ந்த ரீ-கலங்களையும் அது அழிக்கவல்லது. காவலருக்கும் ஒரு காவலர் என்க.

டக்லிசுமாப் என்னும் மருந்தின் வரலாறு இதனை விளக்கும். இன்ரலூக்கின்-2 என்பது ரீ-கலங்களை வளர்க்கும் ஒரு புரதம். கிளர்ந்த ரீ-கலங்கள் அதனை இறுகப் பற்றும் கொளுவியை இம்மருந்து மறைத்துவிடும். எஞ்சிய இன்ரலூக்கினை வேறொரு கொளுவியால் ஏற்று, இயற்கைக் கொல்கலங்களுள் ஒருவகை பெருகும். 2006 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, அவ்வகைக் கலங்கள் பெருகிய நோயாளரிடத்தே மூளைப்புண்கள் குறைந்தமையைக் காட்டிற்று. அதற்கு முன்னரே வழக்கிலிருந்த இன்ரபெரோன்-பீற்றாவும் அக்கலங்களைப் பெருக்குவதாகப் பின்னர் அறியப்பட்டது.

2016 இல் டக்லிசுமாப் இந்நோய்க்கென விற்பனைக்கு வந்தது. ஆனால் 2018 மார்ச்சில் அது உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. மூளையழற்சி முதலிய கடுங்கேடுகள் 12 பேரிடத்துக் காணப்பட்டமையும், அவருள் மூவர் இறந்தமையும் அதற்குக் காரணம். ஈரற்கேடு பற்றிய எச்சரிக்கை முன்னரே எழுந்திருந்தது. மூளையைக் காக்க வந்த மருந்து சிலரது மூளைக்கே ஊறு செய்தது.

இதனால் நாம் அறிவதென்ன? உடற்காவல் பல கைகள் கோத்து நிற்கும் அணி. ஒரு கையைப் பிடித்து இழுப்பின் மற்றவையும் அசையும். இன்ரலூக்கின்-2 கொடிய ரீ-கலங்களை மட்டுமன்றி, அவற்றை அமைதிப்படுத்தும் ரீ-கலங்களையும் வளர்ப்பதே. ஆதலின் இத்தகைய மருந்து பெறுவோர்க்கு வைத்தியரின் தொடர்ந்த கண்காணிப்பும் காலந்தோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். வேலியை வெட்டிவிடுதல் எளிது. அது பயிரை மேயாது நின்று காக்கும்படி செய்தலே அரிது.